ஒப்பந்தத்தில் வரும் 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ன வேலை செய்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக ஆலோசனைப் பணி செய்யும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து ஆங்கில ஒப்பந்தம் வந்திருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவு, இரு தரப்பில் யார் விலக நினைத்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. 11-ஆம் பிரிவோ 'நாட்வித்ஸ்டாண்டிங் எனிதிங் கன்டெய்ன்ட் இன் கிளாஸ் 6' என்று ஆரம்பித்து, ரகசியக் காப்பு விதியை அவர் மீறினால் நிறுவனம் உடனடியாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. அகராதியில் 'இருந்தபோதிலும்' என்று போட்டிருக்கிறது, அதை வைத்துப் படித்தால் வாக்கியம் பிடிபடவில்லை என்கிறார். கூடவே, இந்தச் சொல்லைச் சாதாரணக் கடிதங்களில் தானும் எழுதலாமா என்றும் கேட்கிறார்.

சொல்லுக்குப் பொருள் மட்டும் வேண்டுமென்றால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அவர் மனத்தில் இருக்கும் கேள்வி 'எனக்கு அந்த 30 நாள் உண்டா, இல்லையா?' என்பதுதான் என்று நினைக்கிறேன். ஒப்பந்தங்களை எழுதுவதும் சரிபார்ப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அகராதி தவறில்லை. கதையிலோ கட்டுரையிலோ வந்தால் 'இருந்தபோதிலும்', 'ஆனபோதிலும்' என்று எடுத்துக்கொள்வது சரிதான். சட்ட ஆவணத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை. இரண்டு விதிகள் மோதிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்து வைப்பதுதான் அந்த வேலை. உங்கள் 11-ஆம் பிரிவைத் தமிழில் எழுதச் சொன்னால், '6-ஆம் பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, நீங்கள் ரகசியக் காப்பை மீறினால் நிறுவனம் உடனே முடித்துக்கொள்ளலாம்' என்று எழுதுவேன். சட்டத் தமிழில் இதையே 'எது எவ்வாறிருப்பினும்' என்று கொஞ்சம் விறைப்பாக எழுதுவார்கள். இந்தச் சொல்லைப் பார்த்ததும் 'ஜெயிப்பது எது, தோற்பது எது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லுக்குப் பின்னால் பெயர் சொல்லப்பட்ட பிரிவு தோற்கும். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வரும் பிரிவு ஜெயிக்கும். இங்கே தோற்பது 6, ஜெயிப்பது 11.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தோற்பது என்றால் 6-ஆம் பிரிவு செத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. இரண்டும் மோதும் இடத்தில், மோதும் அளவுக்கு மட்டும்தான் அது விலகி நிற்கும். நிறுவனம் வேறு காரணத்துக்காக உங்களை வேண்டாம் என்று முடிவெடுத்தால், வேலை குறைந்துவிட்டது, பட்ஜெட் இல்லை என்று எதைச் சொன்னாலும், 30 நாள் அறிவிப்பு அப்படியே இருக்கிறது. நீங்களாக விலகினாலும் 30 நாள்தான். ரகசியக் காப்பு மீறல் என்ற ஒரே சூழலில் மட்டும் அந்த 30 நாள் காணாமல் போகிறது.

சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வாக்கியத்தில் அதன் விசித்திரமான நடமாட்டமும் புரிந்துவிடும். இதில் மூன்று துண்டுகள் உண்டு: நாட், வித், ஸ்டாண்டிங். இன்றைய ஆங்கிலத்தில் 'வித்' என்றால் 'உடன்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'எதிராக' என்ற பொருள் இருந்தது. 'வித்ஸ்டாண்ட்' என்றால் 'எதிர்த்து நிற்பது' என்று ஆனது அப்படித்தான். ஆக, முழுச் சொல்லுக்கும் நேர்ப்பொருள் 'எதிர்த்து நில்லாமல்', இன்னும் தெளிவாகச் சொன்னால் 'தடையாக நிற்காமல்'. லத்தீனில் 'நான் அப்ஸ்டான்டே' என்ற தொடர் இருந்தது, அதற்கும் இதே பொருள். அதைப் பார்த்து வார்க்கப்பட்ட சொல் இது. 'தடை' என்ற பொருளில் வரும் 'அப்ஸ்டகிள்' கூட அந்த லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். இன்றும் வழக்கறிஞர்கள் இப்படிப்பட்ட பிரிவை 'நான் அப்ஸ்டான்டே கிளாஸ்' என்றே சொல்வார்கள். இரண்டும் ஒன்றேதான், பயந்துவிட வேண்டாம்.

'மழை தடையாக நிற்காமல்' என்பது தமிழில் இயல்பான வரிசை. ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது: முதலில் பெயர், பிறகு 'நாட்வித்ஸ்டாண்டிங்'. அதனால்தான் இந்தச் சொல் பெயருக்குப் பின்னாலும் வரும், முன்னாலும் வரும். 'த ரெய்ன் நாட்வித்ஸ்டாண்டிங்' என்றாலும் 'நாட்வித்ஸ்டாண்டிங் த ரெய்ன்' என்றாலும் பொருள் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இப்படிப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் சொற்கள் கொஞ்சம்தான். நமக்கோ வேற்றுமை உருபும் சொல்லுருபும் எப்போதும் பின்னால்தான் வரும் என்பதால், பின்னால் வரும் வடிவம் தமிழருக்குச் சுலபமாகவே பிடிபட வேண்டும். ஆனால் பள்ளியில் 'டெஸ்பைட்', 'இன் ஸ்பைட் ஆஃப்' இரண்டையும் முன்னால் போட்டே பழகியிருப்பதால், பின்னால் வரும்போது திகைத்துவிடுகிறோம்.

பின்னால் வரும் வடிவத்துக்குப் புகழ்பெற்ற உதாரணம் 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டமே நாட்டின் உச்சச் சட்டம், மாநில நீதிபதிகளும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லும் அதன் 6-ஆம் உறுப்பு, மாநிலங்களின் அரசியலமைப்பிலோ சட்டத்திலோ இதற்கு மாறாக எது இருந்தாலும் சரி என்று முடிகிறது. அந்த வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் 'டு த கான்ட்ரரி நாட்வித்ஸ்டாண்டிங்'. வாக்கியம் முழுக்க வாசித்துவிட்டு இறுதியில்தான் யார் தோற்றார் என்பது தெரியும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்றுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இது பெரிய கஷ்டமில்லை.

இந்தச் சொல்லுக்கு அரசியல் வரலாறும் உண்டு, அதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. இடைக்காலத்தில் போப்பாண்டவரின் ஆணைகளில் 'நான் அப்ஸ்டான்டே' தாராளமாக வரும். இதற்கு முன் எந்த விதி இருந்தாலும் சரி, இன்னாருக்கு இந்தச் சலுகை உண்டு என்ற மாதிரி. இங்கிலாந்து மன்னர்களும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடும், மன்னர் இந்தத் தொடரைப் போட்டு ஒரு கடிதம் எழுதித் தமக்கு வேண்டியவரை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிடுவார். இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் இது முற்றியது. கத்தோலிக்கர்கள் அரசுப் பதவி வகிக்க முடியாதபடி இருந்த சட்டத்தைத் தாண்டி அவர்களுக்குப் பதவி கொடுக்க அவர் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார். 1686-இல் ஒரு வழக்கில் நீதிபதிகளும் மன்னருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். அவர் நாட்டை விட்டு ஓட நேர்ந்த பிறகு வந்த 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், எந்தச் சட்டத்திலிருந்தும், அதிலேயே அனுமதி இருந்தாலொழிய, 'நான் அப்ஸ்டான்டே' போட்டு விலக்குத் தருவது செல்லாது என்று அந்தத் தொடரைப் பெயர் சொல்லியே ஒழித்துக்கட்டியது. ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து ஒரு சொற்றொடருக்குத் தடை போடுகிறது என்றால், அதன் பலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று இந்தச் சொல் செய்தித்தாளில் அதிகம் அடிபடும் நாடு கனடா. அங்கே 1982-ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் 33-ஆம் பிரிவுக்கே 'நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்' என்றுதான் பெயர். சாசனத்தின் 2-ஆம் பிரிவிலும் 7 முதல் 15 வரையிலான பிரிவுகளிலும் உள்ள உரிமைகள் எப்படி இருந்தாலும் தன் சட்டம் செல்லும் என்று ஒரு சட்டமன்றம் வெளிப்படையாக அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு 5 ஆண்டில் காலாவதியாகும், வேண்டுமானால் மறுபடி போடலாம். வாக்குரிமை அந்தப் பட்டியலில் இல்லை, அதில் கைவைக்க முடியாது. இந்தியாவில் அரசியலமைப்பின் 370-ஆம் உறுப்பு, 2019-இல் மாற்றப்படும் வரை, இந்தச் சொல்லோடுதான் தொடங்கியது. அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்தைச் சொல்லும் 368-ஆம் உறுப்பில் 1971-இல் 24-ஆவது திருத்தம் இதே சொல்லைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது. ஆக, ஒரு சொல்தானே என்று தாண்டிப் போகக்கூடிய சொல் இல்லை இது.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். இந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்களுடையதில் 'கிளாஸ் 6' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அது நல்லது, எல்லை தெரிகிறது. சில ஒப்பந்தங்களில் 'இந்த ஒப்பந்தத்தில் அடங்கியுள்ள எதுவாயினும்' என்று வரும். அப்போது அந்த ஒரு பிரிவு மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துவிடும். இன்னும் சிலர் 'எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும்' என்று எழுதுவார்கள். சட்டமன்றம் அப்படி எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. இரண்டு தனியார் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் எழுதினால், கட்டாயம் பின்பற்றியே ஆக வேண்டிய சட்டத்தை அது அசைக்காது. அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஒரு பிரிவை மட்டும் பெயர் சொன்னால் பெயர் சொல்லாத மற்ற பிரிவுகளின் கதி என்ன என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் இது. காலியான உயர் பதவிகளை யார் தற்காலிகமாக வகிக்கலாம் என்ற சட்டத்தில், மூன்று வகையினரைச் சொல்லும் மூன்று உட்பிரிவுகள் உண்டு. அடுத்து ஒரு கட்டுப்பாடு வருகிறது, அது முதல் உட்பிரிவை மட்டும் பெயர் சொல்லி 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று தொடங்குகிறது. அப்படியானால் கட்டுப்பாடு முதல் வகையினருக்கு மட்டும்தானே என்று ஒரு தரப்பு வாதிட்டது. 2017-இல் நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்கவில்லை. இந்தச் சொல், மோதல் வந்தால் எது மேலோங்கும் என்பதை மட்டுமே காட்டுகிறது, ஒன்றைப் பெயர் சொன்னதாலேயே மற்றவற்றுக்கு விதிவிலக்குக் கிடைத்துவிடாது, கட்டுப்பாட்டின் வீச்சை அதன் சொந்தச் சொற்களிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு இது சரியான வாசிப்பாகவே படுகிறது. இருந்தாலும் நீதிபதிகளே இரண்டாகப் பிரிந்த இடம், எல்லா நாட்டிலும் இப்படியே சொல்வார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

அதைவிடத் தலைவலி, ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகள் இந்தச் சொல்லோடு தொடங்குவது. என் மேசைக்கு வரும் ஒப்பந்தங்களில் இது அடிக்கடி கண்ணில் படும். ஒரு பிரிவு, இந்த ஒப்பந்தத்தில் எது எவ்வாறிருப்பினும் சேவை தருபவரின் மொத்தப் பொறுப்பு அவர் வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்கிறது. நான்கு பக்கம் தள்ளி இன்னொரு பிரிவு, இந்த ஒப்பந்தத்தில் எது எவ்வாறிருப்பினும் மூன்றாம் தரப்பு வழக்குப் போட்டால் வரும் முழு நஷ்டத்தையும் சேவை தருபவரே ஏற்க வேண்டும் என்கிறது. இருவர் கையிலும் துருப்புச்சீட்டு. வெவ்வேறு பழைய ஒப்பந்தங்களிலிருந்து வெட்டி ஒட்டும்போது இந்த மாதிரி ஆகிவிடும், யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நாடாளுமன்றச் சட்டங்களிலும் இதே சிக்கல் வந்திருக்கிறது. இரண்டு சிறப்புச் சட்டங்களிலுமே இப்படிப்பட்ட பிரிவு இருந்தால், பொதுவாகப் பின்னால் வந்த சட்டம் மேலோங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2001-இல் ஒரு வழக்கில் சொன்னது. முந்தைய சட்டம் அமலில் இருப்பது தெரிந்துதானே இரண்டாவதை இயற்றினார்கள் என்பது அதற்குக் காரணம். ஆனால் ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளும் ஒரே நாளில் பிறந்தவை. அங்கே இந்த வழி உதவாது. நீதிமன்றம் ஒப்பந்தத்தின் நோக்கம், எது பொதுவானது, எது குறிப்பானது என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்கும், முடிவு எப்படிப் போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் ஆவணத்திலும் 11-ஆம் பிரிவைத் தவிர வேறு எங்காவது இந்தச் சொல் வருகிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தொடர் 'சப்ஜெக்ட் டு'. இரண்டும் ஒரே உறவைத்தான் சொல்கின்றன, ஆனால் எதிர் முனையிலிருந்து. '11-ஆம் பிரிவுக்கு உட்பட்டு' என்று 6-ஆம் பிரிவின் முன்னால் எழுதியிருந்தாலும் பலன் இதேதான். தோற்கிற பிரிவு தானே தலை வணங்குகிறது. படிப்பவருக்கு அதுதான் வசதி என்பது என் கருத்து. 6-ஐ மட்டும் படித்துவிட்டு 30 நாள் நிச்சயம் என்று நிம்மதியாக இருந்துவிடும் ஆபத்து அதில் இல்லை. 'வித்அவுட் ப்ரெஜுடிஸ் டு' என்பதையும் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது வேறு. குறிப்பிட்ட உரிமையை இது பாதிக்காது, அது அப்படியே நிற்கும் என்று சொல்வது அது. அங்கே யாரும் தோற்பதில்லை.

இனி இரண்டாவது கேள்வி: நாமும் எழுதலாமா? எழுதலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அலுவலக மின்னஞ்சலில் இதற்கு அநேகமாகத் தேவையே வராது. 'தாமதம் ஆனபோதிலும் வேலை முடிந்தது' என்று எழுத 'டெஸ்பைட்' போதும். இலக்கணப்படி இந்தச் சொல்லுக்கு மூன்று பயன்பாடுகள் உண்டு. பெயருக்கு முன்னோ பின்னோ வருவது ஒன்று, அதைத்தான் இதுவரை பார்த்தோம். 'ஆனாலும்' என்ற பொருளில் தனியாக நிற்பது இன்னொன்று. அங்கே 'நெவர்தெலெஸ்' இருக்கிறது, 'ஸ்டில்' இருக்கிறது, இது தேவையில்லை. மூன்றாவதாக, முழு வாக்கியத்தை இணைப்பது. 'நாட்வித்ஸ்டாண்டிங்' போட்டு உடனே 'ஹி வாஸ் இல்' என்று எழுதுவது பழைய நடை. இன்று எழுதினால் பிழை என்றே பலர் நினைப்பார்கள். வாக்கியம் வந்தால் 'ஆல்தோ' போட்டுவிடுங்கள், வம்பு இல்லை.

நம்மவர்கள் செய்யும் பிழைகளில் நான் அதிகம் பார்ப்பது, இதன் பின்னால் 'ஆஃப்' அல்லது 'டு' சேர்ப்பது. 'இன் ஸ்பைட் ஆஃப்' பழக்கத்தில் வருவது அது. இரண்டுமே வேண்டாம், பெயர் நேரடியாக வரும். அடுத்தது, முதல் பாதியில் இதைப் போட்டுவிட்டு இரண்டாம் பாதியை 'பட்' என்று தொடங்குவது. 'இருந்தாலும்' என்று சொல்லிவிட்டு 'ஆனால்' என்றும் சேர்த்துச் சொல்லும் பேச்சுப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்தில் இறங்கிவிடுகிறது. அப்புறம், இது ஒரே சொல். 'நாட்' தனியாக, 'வித்ஸ்டாண்டிங்' தனியாக எழுதினால் 'தாக்குப்பிடிக்காமல்' என்று பொருள் மாறிவிடும். உச்சரிக்கும்போது அழுத்தம் 'ஸ்டா' மேல் விழ வேண்டும்.

'டெஸ்பைட்'டுக்கும் இதற்கும் பொருளில் நுட்பமான வேறுபாடு உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 'டெஸ்பைட்' என்றால் தடையோடு போராடிக் கடப்பது, 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்றால் தடையைக் கணக்கிலேயே எடுக்காமல் போவது என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் எழுதுபவர்கள் அப்படிப் பார்த்து எழுதுவதாக எனக்குத் தோன்றவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டங்களில் இந்த வேலைக்கு 'டெஸ்பைட்'டைத்தான் பயன்படுத்துகிறார்கள், பொருள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. நான் எழுதும் ஒப்பந்தங்களிலும் முடிந்தவரை அதையே போடுகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழைய சொல்லையே கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுவேன், சண்டை போடும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

உங்கள் முழு ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று அதில் போட்டிருக்கிறது என்பதும் கேள்வியில் இல்லை. அதனால் நீதிமன்றத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்ல முடியாது. சொல்லைப் பொறுத்தவரை குழப்பம் இல்லை: மீறல் நடந்தால் 30 நாள் கிடையாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கவனத்தை அந்த முதல் சொல்லிலிருந்து எடுத்து, அதே வாக்கியத்தில் இருக்கும் 'மீறினால்' என்பதன் மேல் வைப்பேன். மீறினாரா என்று முடிவெடுப்பது யார்? தவறுதலாக ஒரு மின்னஞ்சல் வேறு முகவரிக்குப் போனாலும் மீறலா? இரண்டு மாற்றம் கேட்டுப் பாருங்கள். ஒன்று, மீறலுக்கு முன்னால் 'மெட்டீரியல்' என்ற சொல்லைச் சேர்ப்பது, அதாவது அற்பமான பிழைக்கு இது பொருந்தாது. இரண்டு, என்ன மீறல் என்பதை எழுத்தில் தெரிவித்து, சரிசெய்யக்கூடியதாக இருந்தால் அதற்குச் சில நாள் அவகாசம் தருவது. ரகசியம் ஒருமுறை வெளியே போனால் திரும்பாது என்று இரண்டாவதற்கு அவர்கள் மறுக்கலாம், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. முதலாவதற்கு மறுப்புச் சொல்ல அவர்களிடம் அவ்வளவாகக் காரணம் இருக்காது.